ஆடியும் மார்கழியும் எனக்கு, முகூர்த்தம் மற்றவர்களுக்கு

ஊரில் இருந்தவரை பஞ்சாங்கம் பார்ப்பது அம்மாவின் வேலை. இங்கிலாந்துக்கு வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு அது என் வேலையாகிவிட்டது. இங்கே கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை. கிறிஸ்துமஸ் விடுமுறை டிசம்பர் 20 வாக்கில் தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை. முன்னதில் பாதிக்குமேல் ஆடி, பின்னது முழுக்க மார்கழி. அதாவது நான் ஊருக்குப் போக முடிகிற சமயத்தில் பெரும்பாலும் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

நெல்லைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். 2023 பிப்ரவரியில் இங்கிலாந்து அரசு ஒரு வழியைத் திறந்தது. இந்தியா, நைஜீரியா, கானா உட்பட ஒன்பது நாடுகளின் ஆசிரியர்கள், அங்கேயே தகுதியும் அனுபவமும் பெற்றிருந்தால், மறுபடி பயிற்சிக்குப் போகாமலே இங்கே தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டிலிருந்து கணிதம், அறிவியல், மொழி நடத்தியவர்களுக்கு மட்டும்தான். அந்த வழியாக வந்தவள் நான். பர்மிங்காமில் வேலை கிடைத்தது.

வருஷத்துக்கு 195 நாள்தான் வேலை, அதிலும் 190 நாள்தான் பிள்ளைகள் வருவார்கள் என்று கேட்டபோது சொர்க்கமாகத் தெரிந்தது. ஆனால் அந்த 195 நாளுக்குள் நாமாக எடுக்கிற லீவு என்று ஒன்று கிடையாது. ஊரில் என்றால் ஒரு சி.எல். எழுதிக் கொடுத்துவிட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு மறுநாள் வகுப்பில் நிற்கலாம். இங்கே உடம்புக்கு முடியவில்லை என்றாலோ நெருங்கிய சொந்தத்தில் சாவு என்றாலோ விடுவார்கள். கல்யாணத்துக்குத் தலைமையாசிரியர் மனசு வைக்க வேண்டும். வைத்தாலும் ஒன்றிரண்டு நாள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். ஒன்றிரண்டு நாளில் திருநெல்வேலிக்குப் போய்வர முடியுமா? வைகாசியில் காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் இங்கே இரவு ஒன்றரை. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு, காலையில் போய் ஏழாம் வகுப்புக்குப் புவியீர்ப்பு நடத்த வேண்டியதுதான்.

செப்டம்பரில் தொடங்குகிற டெர்ம்தான் இருப்பதிலேயே நீளம். நடுவில் அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் அரைத்தவணை லீவு வரும். 2024-இல் தீபாவளி சரியாக அந்த வாரத்தில் வந்தது. 2025-இல் ஒரு வாரம் முந்திக்கொண்டது, நான் வகுப்பில் இருந்தேன். டிசம்பரில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டிலிருந்து போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். அந்த நேரம் பார்த்துத்தான் பதினொன்றாம் வகுப்பின் மாதிரித் தேர்வுகளும் வரும். ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அரசுத் தேர்வு எழுதப்போகிற பிள்ளைகள். போன டிசம்பரில் வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது, பக்கத்தில் விடைத்தாள் கட்டு. மின்தடைக்கு வோல்ட் என்று அலகு போட்டவனுக்கு மார்க்கைக் குறைத்துவிட்டு, எடை பார்க்கிற கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்ப்பேன். இரண்டு கிலோ கூடுதல். சாக்லெட்டில் கொஞ்சம் எடுத்து வெளியே வைப்பேன். அடுத்த தாள். விமானம் ஏறுமுன் மார்க்கைக் கணினியில் ஏற்றியாக வேண்டும், ஜனவரி முதல் வாரத்துக்கான பாடங்களும் தயாராக இருக்க வேண்டும். திரும்பி வந்து தூக்கம் தெளிவதற்குள் மணி அடித்துவிடும்.

டிக்கெட் விலை தனிக் கதை. நாடு முழுக்கப் பள்ளிகள் ஒரே வாரத்தில் மூடினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? சில பெற்றோர் பிள்ளைகளை முன்கூட்டியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அனுமதி இல்லாமல் பத்து வாரத்துக்குள் ஐந்து நாள் அளவுக்கு வராமல் போனால் அபராதம் வரும்: ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால். விட்ட பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டியவள் நான்தான் என்றாலும், கணக்குப் போட்டுப் பார்த்து அபராதமே லாபம் என்று போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. எனக்கு அந்த வசதியும் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மார்கழியில் ஊருக்குப் போனால் என்ன கிடைக்கும்? விடியுமுன் ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலில் பூசணிப்பூ வைத்த கோலம், 22 டிகிரிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு "பனி ஒத்துக்காது, காதை மூடு" என்று என்னை விரட்டுகிற அம்மா. ஆடியில் குற்றாலச் சாரல், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். தேதி ஒத்துவந்தால் சங்கரன்கோவில் ஆடித்தபசு. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி வேறு. நான் போகப்போவதே இல்லாத கல்யாணங்களுக்கு அம்மாவோடு போய்ப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

பங்குனியில் இரண்டு நாட்காட்டியும் ஓரளவு ஒத்துப்போகும். ஈஸ்டரும் முழுநிலவைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள், பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டித்தான் வரும். உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போகாவிட்டால் எங்கள் பக்கம் வருஷமே போனதாக எடுத்துக்கொள்வார்கள். 2024-இல் அது மார்ச் 25, எங்கள் பள்ளி மூட இன்னும் மூன்று நாள் இருந்தது. 2025-இல் ஏப்ரல் 11, ஈஸ்டர் லீவுக்குள் வந்துவிட்டது. கோயிலில் பொங்கல் பானையை இறக்கும்போது மதினிமார் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தன நாளு லீவு?"

இப்போது சித்தப்பா மகளுக்கு வரன் கூடி வந்திருக்கிறது. ஆவணி என்றால் பிரச்சினை இல்லை, ஆகஸ்ட் 17-க்கு மேல் இரண்டு வாரம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் வைகாசிதான் வேண்டும் என்கிறார்கள். எனக்கு மே கடைசியில் ஒரே ஒரு வாரம் லீவு. வெள்ளி சாயங்காலம் பள்ளியிலிருந்து நேரே விமான நிலையம் போனால் ஞாயிறு காலை ஊரில் இருக்கலாம், அடுத்த சனிக்கிழமை கிளம்பியாக வேண்டும். "அந்த வாரத்துல புதனோ வியாழனோ முகூர்த்தம் இருக்கா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, ஒன் பள்ளிக்கூடத்துக்காக மாப்பிள வீட்டுல போயி தேதி கேக்கச் சொல்லுதியா?" என்றார்.

அப்புறம் அவரே ஜோசியரிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். டிக்கெட் விலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.