மீனுக்குக் கதவு திறக்கும் ஊரும் மேட்டூர் அணையும்

நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்று ஒரு பழைய நகரம். ஊருக்கு நடுவிலேயே வாய்க்கால்கள் ஓடுகின்றன. குளிர் விட்டுத் தண்ணீர் கொஞ்சம் சூடேறியதும் ஃபெக்ட் ஆற்றிலிருந்து மீன்கள் கிளம்பி, அந்த வாய்க்கால்கள் வழியாக ஊரைக் கடந்து, ஆழம் குறைந்த, நீர்ச்செடி நிறைந்த இடங்களைத் தேடி முட்டையிடப் போகும். வழியில் அவற்றை மறிப்பது ஒரு படகுக் கதவு. இரண்டு பக்கமும் கதவு வைத்து, நடுவில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் பழைய அமைப்பு. மீன் கிளம்புகிற மாதங்களில் அங்கே படகுப் போக்குவரத்து குறைவு என்பதால் கதவு அடிக்கடி திறப்பதில்லை. மீன்கள் கதவடியில் கூடி நிற்கும். நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் அது நல்ல வேட்டை.

இதற்கு 2021-ல் ஒரு வழி செய்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு கேமரா வைத்து, இணையத்தில் நேரலையாக விட்டார்கள். மீன் தெரிந்தால் பார்ப்பவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியின் படம் அங்கே போய்ச் சேரும். மீன்கள் காத்திருப்பது உறுதியானால், படகுக் கதவைப் பார்த்துக்கொள்பவர் அதைத் திறந்துவிடுவார். இதற்கு மீன் அழைப்பு மணி என்று பெயர். உலகத்தில் எங்கே இருந்தாலும் யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம்.

நாங்கள் அடித்தது ஏற்காட்டில் இருந்து. அக்கா மகனுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. சேலத்து வெயிலுக்குத் தப்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் தங்கினோம். கோடை மழை பெய்து காப்பி பூத்திருந்த நேரம். ஜன்னலைத் திறந்தால் அறை முழுக்கப் பூ வாசனை. ஏப்ரலில் உட்ரெக்டில் பொழுது சாயும்போது நமக்கு நள்ளிரவாகிவிடும். இருட்டத் தொடங்கிய பிறகுதான் அங்கே மீன் நடமாட்டம் அதிகம். அதனால் விழித்திருந்தோம்.

ரொம்ப நேரம் வெறும் பச்சைத் தண்ணீர்தான். தூசி மிதந்து போகும். ஏதோ ஓர் இலை புரண்டு போகும். பொறுமை இருந்தால் கண் பழகி, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுகூடப் புரிய ஆரம்பிக்கும். அப்புறம் திரையின் ஓரத்தில் ஒரு நிழல். உடம்பில் கறுப்புப் பட்டைகளும் சிவந்த அடித்துடுப்பும் கொண்ட பெர்ச் மீன். கேமராவைப் பார்த்தபடியே நின்றது. செவுள் திறந்து மூடுவது தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, அழுத்துங்க மாமா, போயிடப் போகுது!" என்று அவன் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் அக்கா எழுந்துவிட்டாள். அழுத்தினோம். பின்னாலேயே அகலமான, தட்டை உடம்புள்ள பிரீம் மீன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒரு மீன் காத்திருப்பதை நேருக்கு நேர் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. மீன்கடைத் தட்டிலும் குழம்புச் சட்டியிலும் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பி வந்து, வழி அடைத்திருப்பதால் நிற்கிற ஓர் உயிராக அதுவரை பார்த்ததில்லை.

விடிந்ததும் மேட்டூர் போகலாம் என்று முடிவானது அப்படித்தான்.

மலை இறங்கி, ஓமலூர், மேச்சேரி வழியாகப் போனோம். மேட்டூர் எங்களுக்குப் புதிய ஊர் கிடையாது. பூங்கா, முனியப்பன் கோயில், பொரித்த மீன் என்று சிறு வயதிலிருந்தே போய்வருகிற இடம். இந்த முறை அணையின் கீழ்ப்பக்கம் நின்று, மேலே ஏற நினைக்கிற ஒரு மீனின் இடத்திலிருந்து அந்தச் சுவரைப் பார்த்தேன். 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்த அணை. முழுக் கொள்ளளவு 120 அடி நீர்மட்டம். டெல்டாவில் குறுவை நட ஜூன் 12 அன்று இங்கிருந்து தண்ணீர் திறப்பது வழக்கம். எத்தனையோ லட்சம் பேர் சாப்பிடும் சோறு இந்தச் சுவரை நம்பி இருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு மீனுக்கு இது ஆற்றின் முடிவு.

உல்ல மீன் என்று ஒன்று உண்டு. வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறி வரும். காவிரியிலும் ஏறி வந்திருக்கிறது. 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கட்டிய கட்டுகள் அதற்கு முதல் தடை. மேட்டூர் அணை வந்து வெள்ளத்தைப் பிடித்து வைத்த பிறகு காவிரியில் அந்த மீன்பிடிப்பு சரிந்துபோனது. இது யாருக்கும் தெரியாமல் நடந்ததும் இல்லை. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே, அணைக்கட்டுகள் மீன்களை மேலேற விடாமல் தடுக்கின்றன என்று 1873-லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்துவிட்டார்.

விலாங்கு இதற்கு நேர்மாறு. வளர்வது ஆற்றில், முட்டையிடப் போவது கடலுக்கு. அதன் குஞ்சுகள் மறுபடி கடலிலிருந்து ஆறேற வேண்டும்.

மதியம் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போனோம். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சமாக, ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரமும் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது இங்கே வெளியே தெரியும். நாங்கள் போனபோது தண்ணீர் மூடியிருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போனில் பதிவு செய்திருந்த பெர்ச் மீனைக் காட்டினேன். கையில் வாங்கி, வெயிலுக்கு மறைத்து, நிதானமாகப் பார்த்தார்.

"இது நிக்கிற நிப்பைப் பாருங்க, ஏறப் போற மீனுங்க. இங்கயும் புதுத்தண்ணி வந்தா கெண்டையெல்லாம் எதிர்த்து ஏறும். ஒகேனக்கல் பக்கமா போகும். வயித்துல சினை இருக்கும்."

"அணைக்குக் கீழ இருக்கற மீனுங்கய்யா?"

"அது எங்கீங்க ஏறும்? பதினாறு கண் மதகுல தண்ணி விட்டா மேல இருக்கறது கீழ போகும். கீழ இருக்கறது மேல வர வழியே இல்லீங்க."

அவர் வலையில் அதிகம் விழுவது கட்லா, ரோகு, ஜிலேபி என்றார். கட்லாவும் ரோகுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. வெள்ளம் புரண்டு ஓடும் நீர் இருந்தால்தான் அவை இயற்கையாக முட்டையிடும், தேங்கிய நீரில் இடாது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவின் அங்குல் என்ற இடத்தில் மீன் ஆராய்ச்சியாளர்கள் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். பெரிய சாதனை, பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட சாதனை. ஆனால் காவிரிக்கே சொந்தமான மீன்களுக்கு அது கைகொடுத்துவிடவில்லை. திமில் வைத்த மஹ்சீர் என்ற பெரிய மீன் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறு எங்கும் கிடையாது. 2018-ல்தான் அதற்குச் சரியான அறிவியல் பெயர் உறுதியானது. அப்போதே அழிவின் விளிம்பில் இருந்தது.

திரும்பும் வழியில் செக்கானூர் கதவணைக்குப் போனோம். மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காகக் காவிரியின் குறுக்கே கட்டிய கதவணைகளில் முதலாவது. அடுத்து நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி என்று போகிறது. மேட்டூர் உயரத்துக்கு மீன் ஏற வழி செய்வது ரொம்பக் கடினம், அதை ஒத்துக்கொள்கிறேன். கதவணைகள் அப்படியில்லை, உயரம் குறைவு. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பான்வில் அணையில், 1938-லிருந்தே சால்மன் மீன்கள் தொட்டி தொட்டியாக வைத்த படிகளில் தாவி ஏறுகின்றன. கண்ணாடி ஜன்னல் வழியாக ஆள் உட்கார்ந்து அவற்றை எண்ணுகிறார்கள். நம் கெண்டை சால்மன் மாதிரி தாவாது. ஆகவே நம் மீனின் நீச்சலுக்கு ஏற்ற சரிவும் வேகமும் பார்த்துத்தான் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் எந்த மீன், எந்த மாதம், எந்த நேரத்தில் கதவடிக்கு வந்து நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு கேமராவும், விளக்கும், பார்க்க ஆட்களும் போதும். முதலில் செக்கானூரில் வைக்கலாம், புதுத்தண்ணி வருகிற ஆடியில். கலங்கல் தண்ணீரில் படம் தெளிவாக இருக்காது என்பது உண்மை. உட்ரெக்ட் தண்ணீரும் ஒன்றும் கண்ணாடி கிடையாது.

அக்கா மகன் கதவணைப் பாலத்தில் நின்று, "இங்க வச்சா நம்ம ஸ்கூல்ல எல்லாரும் பார்ப்பாங்க மாமா" என்றான். அவன் வகுப்பில் பாதிப் பேர் இப்போது உட்ரெக்ட் மீன்களுக்கு மணி அடிக்கிறார்கள்.

நீங்களும் பார்க்க நினைத்தால், நேரலை பெரும்பாலும் மார்ச்சில் தொடங்கி மே வரை ஓடும். மார்ச் கடைசியிலிருந்து நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். இரவு பன்னிரண்டுக்கு மேல் உட்காருங்கள், குழந்தைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பண்ணவாடிக்குக் கொளத்தூர் வழியாகப் போகலாம். நந்தியைப் பார்க்க வேண்டுமென்றால் அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.