டிசிபி/ஐபி தேர்வு, இரண்டாம் முயற்சியில்: பட்டியல் வேறு, பெயர் வேறு

கணினிகள் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் நெறிமுறையான டிசிபி/ஐபி பற்றி, விண்டோஸ் என்டி 4.0 காலத்தில் மைக்ரோசாப்ட் நடத்திய 70-059 தேர்வில் (இப்போது அது இல்லை) இரண்டாம் முயற்சியில் தேறினேன். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன் தவறியபோது கையில் கொடுத்த தாளில், மற்றப் பகுதிகளின் பட்டைகள் நீண்டிருக்க, ‘இணைப்பு’ என்ற பகுதியின் பட்டை மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது. சப்நெட் (வலையமைப்பின் உட்பிரிவு) கணக்குகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பயிற்சி ஒன்றே வழி. கேள்விகளையும் எழுதமாட்டேன், வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வில் அமர்ந்தேன். என்னை வீழ்த்திய ஒரே குழப்பத்தை விரிவாகச் சொல்கிறேன்.

மற்றக் கணினிகளைப் பட்டியலிடும் நெட்வொர்க் நெய்பர்ஹுட் சாளரத்தில் ஒரு கணினி தெரியாமலிருப்பதும், அதன் பெயரைக் கொடுத்துத் திறக்க முடியாமலிருப்பதும் இரண்டு வெவ்வேறு பழுதுகள். முன்னது, கணினிகளின் பட்டியலைத் திரட்டும் பிரவுசர் சேவையைச் (இணைய உலாவி அன்று) சேர்ந்தது. பின்னது பெயரை ஐபி முகவரியாக மாற்றுவதைச் சேர்ந்தது. நான் படித்த பயிற்சி நிலையத்தில் இரண்டையும் ஒரே நாளில் ஒரே பாடமாக முடித்தார்கள். அங்கிருந்த கணினிகள் யாவும் ஒரே சப்நெட்டில் இருந்ததால் எல்லாமே பிராட்காஸ்டில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் ஒரேயடியாக அனுப்பும் அறிவிப்பில், நடந்துவிட, இவ்விரண்டும் பிரிகிற இடத்தை நான் பார்க்கவே இல்லை.

அதைப் பார்த்தது வேலை செய்யும் இடத்தில். சென்னையில் பிடிசி (டொமைன் என்ற கணினிக் குழுவின் முதன்மைச் சர்வர்), கோவையிலும் மதுரையிலும் கிளைகள், இடையே 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன். பெயருக்குரிய ஐபி முகவரியைத் தரும் வின்ஸ் சர்வர் கிடையாது. ரவுட்டர் பிராட்காஸ்டைக் கடத்தாது என்பதால், மதுரையில் என் கணினியின் எல்எம்ஹோஸ்ட்ஸ் கோப்பில், அதாவது பெயர்களையும் ஐபி முகவரிகளையும் கையால் எழுதிவைக்கும் கோப்பில், மற்ற இரண்டு ஊர்க் கணினிகளையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். நெட் வியூ கட்டளையில் பெயரைக் கொடுத்தால் பதில் வந்தது. நெய்பர்ஹுட்டிலோ மதுரைக் கணினிகள் மட்டுமே இருந்தன. எனக்குப் பட்டியலைத் தருவது என் கோப்பு அன்று, மதுரை சப்நெட்டில் பட்டியலை வைத்திருக்கும் கணினியான மாஸ்டர் பிரவுசர் என்பது அப்போதுதான் உறைத்தது. அது, எல்லா ஊர்ப் பட்டியல்களையும் சேர்க்கும் டொமைன் மாஸ்டர் பிரவுசரான பிடிசியுடன் 12 நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலைப் பரிமாறிக்கொண்டால்தான் வெளியூர்க் கணினிகள் இங்கே தெரியும். அந்தப் பரிமாற்றத்துக்காக அது தேடுவது டொமைன் பெயரை, பெயரின் 16-ஆவது பைட்டில் டொமைன் மாஸ்டரைக் குறிக்கும் 1பி என்ற குறியுடன். இந்த 1பி-யை விளங்கிக்கொண்டவருக்கு ‘இணைப்பு’ பகுதியில் பாதி வேலை முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

எல்எம்ஹோஸ்ட்ஸில் அந்த வரியை எழுதும்போது, மேற்கோள்குறிக்குள் டொமைன் பெயரை இடைவெளிகளால் 15 எழுத்துகளுக்கு நிரப்பி, அதன்பின் பின்சாய்கோடும் 0எக்ஸ்1பி-யும் இட்டு, வரியின் கடைசியில், அதை முன்கூட்டியே நினைவில் ஏற்றும் ப்ரி (#PRE) குறிச்சொல்லைச் சேர்க்கவேண்டும். ஓர் இடைவெளி குறைந்தாலும் வேலை செய்யாது. பிடிசியும் கிளையின் மாஸ்டர் பிரவுசரைப் பெயரால் அடைய வேண்டுமாதலால், அங்குள்ள கோப்பையும் மறக்கக் கூடாது. நான் மதுரையில் அந்த வரியை மாஸ்டர் பிரவுசராக இருந்த ஒரே கணினியில் மட்டும் எழுதியிருந்தேன். மாலையில் அதை அணைத்ததும் கணினிகளுக்குள் தேர்தல் நடந்து வேறொரு கணினி மாஸ்டராக, மறுநாள் காலையில் பட்டியல் பழையபடி சுருங்கியிருந்தது. மாஸ்டராகக்கூடிய ஒவ்வொரு கணினியிலும் அந்த வரி வேண்டும். இல்லையேல் வின்ஸ் வேண்டும்.

இனிக் குறிப்புகள்:

- பெயர் நிலவரத்தைக் காட்டும் என்பிடிஸ்டாட் கட்டளையில் பெரிய ஆர் (-R) தற்காலிக நினைவைத் துடைத்து ப்ரி வரிகளை மறுபடி ஏற்றும். சிறிய ஆர் (-r) பெயர்கள் முகவரிகளாக மாறிய கணக்கை மட்டும் காட்டும். கோப்பைத் திருத்தியதும் பெரிய ஆர்.
- எச்-நோட் வகைக் கணினி பெயரைத் தேடும் வரிசை: தற்காலிக நினைவு, வின்ஸ், பிராட்காஸ்ட், எல்எம்ஹோஸ்ட்ஸ், ஹோஸ்ட்ஸ், டிஎன்எஸ். கணினிகளுக்கு முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியில் 44-ஆம் விருப்பம் வின்ஸ் முகவரி, 46-ஆம் விருப்பம் நோட் வகை (பெயர் தேடும் முறை).
- திடீரென அணைந்த கணினி 51 நிமிடம்வரை பட்டியலில் தெரியலாம். அது பழுதன்று.
- டொமைன் இல்லாத வொர்க்குரூப்பில் டொமைன் மாஸ்டர் கிடையாது. பட்டியல் ரவுட்டரைத் தாண்டாது.
- இரண்டு வின்ஸ் சர்வர்கள் இருந்தால் புஷ் (மாற்றத்தை அறிவிப்பது), புல் (மாற்றத்தைக் கேட்டு வாங்குவது) இரண்டும் இரு பக்கமும் வேண்டும்.

‘தேவையான விளைவு, விருப்ப விளைவுகள்’ என்று வந்த நீண்ட கேள்விகளுக்கு, தேர்வறையில் எழுதிப் பார்க்கக் கொடுத்த தாளில் ‘பட்டியல்’, ‘பெயர்’ என்று இரண்டு நெடுவரிசைகள் இட்டு, முன்வைக்கப்பட்ட தீர்வு எதைத் தொடுகிறது என்று குறித்த பிறகே விடைகளைப் படித்தேன். கையால் எழுதினால்தான் எனக்குத் தெளியும். நேரம் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் தடுமாறவில்லை.

வீட்டில் பழக மூன்று பழைய கணினிகள் போதும். நடுவிலுள்ளதில் இரண்டு நெட்வொர்க் அட்டைகளைப் பொருத்தி ரவுட்டராக்கலாம். அதையே பிடிசியாகவும் ஆக்கிவிடாதீர்கள்: இரண்டு அட்டைகள் உள்ள பிடிசியில் இரு பக்கப் பட்டியல்களும் ஒன்றாகச் சேர்வதில்லை. பழுது என் புரிதலிலா அமைப்பிலா என்று தெரியாமல் எனக்கு அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.