எட்டு மணிக்கு முன் ஒரு மணி

எங்கள் செயலியில் காலை நினைவூட்டல் ஒன்றைச் சேர்க்கலாம் என்று கூட்டத்தில் சொன்னவன் நான்தான். இன்றைக்கு அதே கூட்டம் நடந்தாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் கும்பகோணத்து அம்மா கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

எங்கள் செயலி தனியாக இருக்கும் பெற்றோருக்கானது. காலையில் எழுந்ததும் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினால், தொலைவில் இருக்கும் பிள்ளைக்குத் தகவல் போகும். 8 மணிவரை அழுத்தாவிட்டால் எச்சரிக்கை போகும். யோசனை புதிதில்லை. ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001-லேயே இப்படி ஒரு வெந்நீர் கெட்டிலைக் கொண்டுவந்தது. வீட்டுப் பெரியவர் டீ போட அதை எடுத்தாரா இல்லையா என்பது பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் தெரிந்துவிடும். அதில் பெரியவர் எதுவும் சொல்லவேண்டாம், கெட்டிலே சொல்லிவிடும். எங்களுக்கு அது ஒப்பவில்லை. நலமாக இருப்பதை அம்மாவே சொல்லட்டும், யாரும் அவரை வேவு பார்க்கவேண்டாம் என்றுதான் பொத்தானை வைத்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

பொத்தானுக்காகப் பட்ட பாடு தனி. வயதானவர்களுக்கு விரல் நுனி காய்ந்திருக்கும். தொடுதிரை பல சமயம் கண்டுகொள்ளாது. உடனே அவர்கள் இன்னும் அழுத்திப் பிடிப்பார்கள். ஃபோன் வேறு எதையோ திறந்துவைக்கும். எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஒரே அழுத்தாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம். அப்புறமும் ஒரு வீட்டிலிருந்து மட்டும் அடிக்கடி எச்சரிக்கை போனது. கோளாறு என்றே நினைத்துக் கும்பகோணம் போனேன்.

அந்த அம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொட்டதும் பொத்தானை எரியவைத்துக் காட்டினார்.

"அழுத்தாம விட்டா அவனே கூப்பிடறான் தம்பி. அழுத்திட்டா கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்பறான், அவ்வளவுதான்."

இங்கே காலை 8 என்றால் மகன் இருக்கும் நியூ ஜெர்சியில் கோடையில் முந்தைய இரவு 10.30. படுக்கப் போகிறவர் பதறிக் கூப்பிடுவார். பதற்றம் அடங்கியதும் பேரனின் பள்ளிக்கூடம், அம்மாவின் முழங்கால் வலி, மாடி வீட்டுக்காரர் தராத வாடகை என்று பேச்சு நீளுமாம்.

"இது ஆபத்தும்மா" என்றேன். ஆபத்துதான். 'அம்மா மறந்திருப்பார்' என்று நினைக்க மகன் பழகிவிட்டால், குளியலறையில் வழுக்கி விழும் நாளில் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பிருக்காது. அதனால்தான் 7.45-க்கு ஃபோனே மணியடித்து அழுத்தச் சொல்லும் நினைவூட்டலைக் கேட்டேன். வீண் எச்சரிக்கைகள் நின்றன. மகன் நன்றி சொல்லி எழுதினார்.

அடுத்த முறை பேசியபோது அம்மா கோபப்படவில்லை.

"மணி அடிச்ச பிறகும் மறந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? நான் நல்லா இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் எதுக்குத் தம்பி கூப்பிடுவான்?"

மகனிடமே கேளுங்களேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கேட்டு வாங்கும் அழைப்பும் தானாக வரும் அழைப்பும் ஒன்றில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவர் பெற்றுவந்ததும் தானாக வந்த அழைப்பில்லையே, பயத்தில் வந்ததுதானே என்றும் தோன்றுகிறது. இரவு நேரத்தில் மகனைப் பதறவைப்பது நியாயமா? இல்லை. சரி, அந்தப் பதற்றத்தைத் துடைத்தெடுத்த கையோடு அவர்களுடைய பேச்சையும் துடைத்தது நியாயமா? விழுந்தால் உடனே தெரியவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் விழாத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களுக்கென்று நாங்கள் யோசித்தது மிகக் குறைவு.

நினைவூட்டலை அணைத்துவைக்கும் வசதி அம்மாவின் ஃபோனிலேயே இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சந்தா கட்டுவது மகன், அவர் சம்மதம் வேண்டாமா என்கிறார்கள். அவரிடம் கேட்கப் போனால் காரணத்தையும் சொல்லவேண்டிவரும். அதைச் சொல்ல அம்மா எனக்கு உரிமை தரவில்லை.