டெம்ப்ஸ்டர் சாலைக்கு ஸ்டெப்னி இரண்டு

கனடாவின் யூகானில், டாசன் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளிப் பிரிகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இனுவிக் என்ற ஊர் வரை ஏறக்குறைய 740 கி.மீ.; இரு முனைகளிலும் கொஞ்ச தூரம் தவிர முழுக்கச் சரளை. 1979இல் திறந்தார்கள். 2017இல் இனுவிக்கிலிருந்து கடலோர ஊரான டுக்டோயாக்டுக் வரை புதுச் சாலை வந்துவிட்டதால் இப்போது ஆர்க்டிக் பெருங்கடல் வரைக்கும் வண்டியிலேயே போகலாம்.

அடியில் இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்த மண். அது இளகினால் சாலையே அமிழ்ந்துவிடும் என்பதால் ஓராள் உயரம் வரை சரளை கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். ஓரம் இளக்கம், பக்கம் செங்குத்துச் சரிவு. எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறையுங்கள், விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள்.

வண்டியைப் படுக்க வைப்பது பெரும்பாலும் டயர்தான். இங்குள்ள களிப்பாறைச் சில்லுகள் கத்தி மாதிரி கூர்மையானவை. வேகம் கூடினால் டயர் சூடாகி ரப்பர் இளகும். அப்போதுதான் வெட்டு ஆழமாக இறங்கும். மணிக்கு 60–70 கி.மீ. போதும். 10 பிளை (பத்து அடுக்கு வலிமையுள்ள) டயர் போடுங்கள். காற்றைச் சற்றே குறைத்தால் டயர் கல்லின்மேல் வளைந்து கொடுக்கும். அதிகம் குறைத்தால் பக்கச்சுவர் சூடேறி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் கிட் உதவாது. அதனால் முழு அளவு ஸ்டெப்னி இரண்டு வேண்டும்; ஒல்லியான தற்காலிகச் சக்கரத்தை நம்பி இந்தச் சாலையில் இறங்கவே கூடாது. சரளையில் ஜாக்கி புதையும், அடியில் வைக்கத் தடித்த பலகை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் மாற்றி 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

டாசனில் டேங்க்கை நிரப்பினால் அடுத்த நம்பகமான பங்க் ஈகிள் பிளெய்ன்ஸ், சுமார் 410 கி.மீ. சேற்றில் வண்டி கூடுதலாகக் குடிக்கும்; 20 லிட்டர் கேன் ஒன்று கூட இருக்கட்டும். அங்கிருந்து அடுத்தது ஃபோர்ட் மெக்பெர்சன், 180 கி.மீ. தூரம். வழியில் பெரும்பகுதி செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் கருவி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பீல், மெக்கன்சி ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. கோடையில் கட்டணமில்லா ஃபெர்ரி, குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் பாதை. ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டுமே இல்லை. ஜூலையில்கூட, ஆற்றின் மேல்பகுதியில் கனமழை பெய்து வெள்ளத்தில் மரங்கள் மிதந்து வந்தால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் உணவு கூடுதலாக வையுங்கள்.

தூசி அடங்கக் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். மழை பெய்தால் அது சேற்றோடு சேர்ந்து ரிம்முக்குள் அப்பி இறுகும். பிறகு ஸ்டியரிங் உதறினால் அலைன்மென்ட்டைச் சந்தேகிக்கும் முன் ரிம்மைச் சுரண்டிப் பாருங்கள். ஊர் சேர்ந்ததும் ரேடியேட்டரையும் அடிப்பாகத்தையும் கழுவிவிடுங்கள், அந்த உப்பு இரும்பை அரிக்கும்.

சில இடங்களில் சாலை திடீரென்று அகலமாகும். அது விமானம் இறங்கும் ஓடுபாதை. அறிவிப்புப் பலகை இருக்கும். இளைப்பாற அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.