ஒரு புள்ளியும் இரண்டு பஸ் பயணமும்

ஒரே வாரத்தில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன். முதல் பயணம் வேலைக்காக. இரண்டாவது, ஒரே ஒரு கட்டளையை அடிக்க மறந்ததற்காக.

அது ஒரு சிறிய பயிற்சி நிலையம். 12 பழைய கணினிகள், ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. காலையில் சுவிட்சைப் போட்டதும் நெட்வொர்க் வழியாக பூட் ஆக (இயங்கத் தொடங்க) வேண்டும். அதற்கான முதல் கோப்பை எடுத்துக் கொடுப்பது டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் இயங்கும் சர்வர். காலையில் பத்து நிமிடம் வேலை, மீதி நாள் முழுக்க ஓய்வு. சர்வரில் 1 ஜிபி நினைவகம்தான். 2020 நவம்பரோடு ஆதரவு நின்றுபோன சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் இயங்குதளம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஏதாவது போட்டுவிடலாமே என்றேன். “கட்டணக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதைத் தொடாமல் செய்யுங்கள்” என்றார் உரிமையாளர் அம்மா. சரி, எக்ஸ்ஐநெட்டி (xinetd) என்ற காவல் நிரலே போதும் என்று முடிவு செய்தேன். அது 69-ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) காதை வைத்துக்கொண்டு கிடக்கும்; யாராவது கேட்டால்தான் டிஎஃப்டிபியை எழுப்பும்.

நிறுவுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

எந்த ஊருக்கு எழுதிய அமைப்பு என்று பிறகு தெரியட்டும் என்பதற்காக, கோப்பின் பெயரோடு ஊர்ப்பெயரையும் ஒட்டுவது என் பழக்கம். இங்கும் ‘டிஎஃப்டிபி’, ஒரு புள்ளி, ‘பாண்டி’ என்று பெயர் வைத்து எக்ஸ்ஐநெட்டி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) போட்டேன். சேவையை முடக்க வேண்டுமா என்பதைச் சொல்லும் ‘டிசேபிள்’ வரியில் ‘நோ’ என்று கவனமாக எழுதினேன். ரீஸ்டார்ட் கொடுத்ததும் பச்சை நிறத்தில் ‘ஓகே’ வந்தது. கணினிகளோ அசையவில்லை. திரையில் ‘பிஎக்ஸ்இ-இ32, டிஎஃப்டிபி ஓப்பன் டைம்அவுட்’, அதாவது டிஎஃப்டிபியிடமிருந்து பதில் இல்லை என்ற பிழை. கேபிளை மாற்றினேன். சுவிட்சை அணைத்துப் போட்டேன். கணினிகளை விற்றவருக்கு போன் செய்தேன். “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாப்பாட்டு நேரமும் கடந்த பிறகுதான் லாகை, அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டை, திறக்கத் தோன்றியது. பதில் அங்கேயே உட்கார்ந்திருந்தது: ‘ஸ்டார்டட் வொர்க்கிங்: 0 அவெய்லபிள் சர்வீசஸ்’. சர்வீஸ் பூஜ்யம்! எக்ஸ்ஐநெட்டி ஓடுகிறது, ஆனால் அதற்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கையேட்டுப் பக்கத்தைப் படித்தால், அந்த அடைவில் பெயருக்குள் புள்ளி உள்ள கோப்புகளையும், பெயர் அலைக்குறியில் (~) முடியும் கோப்புகளையும் அது படிக்கவே படிக்காதாம். எடிட்டர் விட்டுச்செல்லும் நகல்களை விலக்குவதற்கு நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தமிழில் புள்ளி வைத்தால் மெய். இங்கே புள்ளி வைத்தால் கோப்பே பொய்.

டிஎஃப்டிபி மென்பொருள் பொதியோடு வந்திருந்த ‘டிஎஃப்டிபி’ கோப்புக்குள்ளேயே என் வரிகளை எழுதினேன். இப்போது சர்வீஸ் 1. மனம் குளிர்ந்தது, ஆனால் ஐந்து நிமிடம்தான்.

அடுத்த தவறும் என்னுடையதே. டெல்நெட் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் சேவை) கோப்பிலிருந்து சில வரிகளை நகலெடுத்திருந்தேன். அதோடு ‘வெயிட் = நோ’ என்பதும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு பேசும் டிசிபி சேவைக்கு அது சரி. டிஎஃப்டிபியோ, இணைப்பு இல்லாமல் பாக்கெட்டுகளை நேராக அனுப்பும் யூடிபியில் ஓடுவது. முதல் பாக்கெட்டை சர்வரே படித்து, வேலையை முடித்து வெளியேறும்வரை எக்ஸ்ஐநெட்டி காத்திருக்க வேண்டும். ‘நோ’ என்றால் காத்திருக்காது. அந்த பாக்கெட் இன்னும் படிக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்து இன்னொரு சர்வரை எழுப்பும், பிறகு இன்னொன்று. லாகில் ‘ஸ்டார்ட்’ வரிகள் புற்றீசல் போலக் கிளம்பின. கடைசியில், அளவுக்கு மீறிய இணைப்புகள், 10 விநாடி நிறுத்திவைக்கிறேன் என்று அதுவே கையை விரித்தது. ‘எஸ்’ என்று மாற்றியதும் அமைதியானது.

இங்கே ஒரு யோசனை: முதல் சோதனையைச் சர்வரில் உட்கார்ந்து சர்வரிடமே கேட்டுச் செய்யுங்கள். நான் மடிக்கணினியிலிருந்து கேட்டு அரை மணி நேரத்தை இழந்தேன். டிஎஃப்டிபி கேள்வியை 69-இல் வாங்கிக்கொண்டு பதிலை வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்பும். என் மடிக்கணினியின் ஃபயர்வால் அதை அந்நியன் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது.

சர்வர் பக்கத்து ஃபயர்வாலில் 69-ஐத் திறக்க, ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் ஃபயர்வால் கருவியில் ஒரு வரியை முன்பே அடித்திருந்தேன். இப்போது 12 திரைகளும் வரிசையாக உயிர்பெற்றன. ஆய்வக உதவியாளர் தம்பி கைதட்டினார். இருட்டுவதற்குள் கடலூர் வந்து சேர்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்தத் தம்பியிடமிருந்து போன். “சார், ராத்திரி மழையில் கரண்ட் போய்விட்டது. இப்போது ஒன்றுகூட வரவில்லை. பழையபடி இ32.”

“எக்ஸ்ஐநெட்டி ஓடுகிறதா, பாருங்கள்.”

“ஓடுகிறது சார்.”

“லாகில் எத்தனை சர்வீஸ் என்று இருக்கிறது?”

“ஒன்று சார்.”

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வெளியிலிருந்து அந்தச் சர்வருக்குள் நுழைய வழியும் வைத்திருக்கவில்லை. மறுபடியும் பஸ். அரியாங்குப்பம் தாண்டும்போதுதான் பொறி தட்டியது: ஃபயர்வாலில் அடித்த அந்த வரியைச் சேமித்தேனா? இல்லை. ஐபிடேபிள்ஸில் அடித்தது நினைவகத்தில் மட்டுமே இருக்கும். தனியாக ‘சேவ்’ கொடுக்காவிட்டால் மறுதொடக்கத்தோடு காணாமல் போய்விடும். எக்ஸ்ஐநெட்டி விழித்தபடிதான் இருந்தது. தட்ட வந்தவர்களைத் தெருவிலேயே மறித்தாகிவிட்டது.

போய் இறங்கி வரியை மறுபடி அடித்து, ‘சேவ்’ கொடுக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. “இவ்வளவுதானா?” என்றார் அம்மா. பஸ் கட்டணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இந்த முறை நம்பிக் கிளம்பவில்லை. கட்டணக் கணக்கை மூடச் சொல்லிவிட்டு, சர்வரை முறைப்படி அணைத்து மீண்டும் போட்டேன். 12 கணினிகளையும் தம்பியையே ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். 11 வந்தன. பன்னிரண்டாவதில் மட்டும் மறுபடி ஏதோ பிழை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. தம்பி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கேபிள் கழன்றிருக்கிறது சார்.”