கிளட்ச் பிளேட் மாற்றிய கதை

வாடையை முதலில் கண்டுபிடித்தது நானில்லை, என் மனைவி. 2025 செப்டம்பர் முதல் வாரம். பெங்களூரில் சில்க் போர்டு தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறுகிற இடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தோம். "ஏங்க, காகிதம் கருகுற மாதிரி வாடை வருதே" என்றாள். முன்னால் நின்ற லாரியைக் கைகாட்டிவிட்டேன். பாலத்தில் ஏறி, லாரியும் எங்கோ போன பிறகு, நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தேன். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் 2,500-லிருந்து 3,500-க்கு விருட்டென்று ஏறியது. வேகம் 60-லேயே நின்றது. என்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. வாடையும் கூடவே வந்தது. லாரிக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வண்டி 2014 மாடல், பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆறு மாதம் முன்பு 68,000 கிலோமீட்டரில் வாங்கியது. வாங்கும்போது எல்லாரும் பார்க்கிறதை நானும் பார்த்தேன்: பெயின்ட், டயர், ஏசி, இன்சூரன்ஸ், சர்வீஸ் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத லேஅவுட் தெருவில் இரண்டு சுற்று ஓட்டினேன். கிளட்ச் பெடலிலிருந்து காலை முக்கால்வாசிக்கு மேல் எடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. கேட்டேன். "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்றார் விற்றவர். நம்பிவிட்டேன். அது மாடலின் குணமில்லை, பிளேட் தேய்ந்துவிட்டதன் அடையாளம் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது.

விஷயம் இதுதான். கிளட்ச் பிளேட் என்பது என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கப்பட்ட வட்டத் தகடு. அதன் இரண்டு பக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். பெடலை மிதித்தால் பிடி விடும், விட்டால் பிடிக்கும். பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கமாக நகரும். அதன் ஸ்பிரிங் விரல்கள் எதிர்ப்பக்கமாக, பெடலை மிதிக்கும்போது அவற்றை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும். கேபிள் கிளட்சில் இருக்கவேண்டிய கொஞ்சூண்டு 'ப்ளே', அதாவது பெடல் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன் சும்மா அசையும் தளர்வு, இப்படித்தான் கரைகிறது. ப்ளே சுத்தமாகப் போய்விட்டால், காலைப் பெடலில் வைக்காவிட்டாலும் பாதி மிதித்த மாதிரிதான். பிடி முழுசாக விழாது, பிளேட் வழுக்கும், சூடேறும், கருகும்.

முதலில் போனது பி.டி.எம். லேஅவுட்டில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மெக்கானிக்கிடம். பானெட்டைத் திறந்து, கேபிள் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டி புதுசு மாதிரி போனது. மொத்தம் பன்னிரண்டு நாள். அவர் ஏமாற்றியதாகச் சொல்ல மாட்டேன். ப்ளே இல்லாததால் மட்டும் வழுக்கியிருந்தால் அந்தத் திருகலோடு வேலை முடிந்திருக்கும். பிளேட்டே தீர்ந்துபோயிருந்தால், நட்டைத் திருகித் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

பதின்மூன்றாவது நாள் திரும்ப அதே வாடை. சர்வீஸ் சென்டரில் 16,800 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, கணினியில் தட்டினார்கள், தாள் வந்தது. "ஃப்ளைவீல் எப்படியிருக்கு?" என்று கேட்டதற்கு, கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், மாற்ற வேண்டியிருந்தால் அது தனி என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த யோசனையில் ஒரு நன்மை நடந்தது. செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. என் சோம்பேறித்தனம் எனக்குக் காசு மிச்சப்படுத்திய ஒரே சந்தர்ப்பம்.

அல்சூரில் இருக்கும் ஷெட்டைச் சொன்னது அலுவலக நண்பர். நடத்துகிறவருக்கு அறுபது வயதிருக்கும், பூர்வீகம் ஆம்பூர் பக்கம், இங்கே வந்து நாற்பது வருஷமாம். பையன்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், போனில் உருது. நான் மூச்சு விடாமல் அறிகுறிகளை ஒப்பிக்க ஆரம்பித்ததும், "எறங்கு தம்பி, நான் பாக்குறேன்" என்று ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே திணறி அணைய வேண்டும். என் வண்டியில் காலை முழுக்க எடுத்த பிறகும் என்ஜின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. உடனே அணைத்துவிட்டார். "இதை ஒரு தரம் பாத்தா போதும். நீ வீட்ல பத்து தரம் செஞ்சு பாத்தேன்னா இருக்கிற பிளேட்டும் போயிடும்."

வாங்கும் முன்பு நான் செய்திருக்க வேண்டிய சோதனை இது. பத்து விநாடி ஆகாது.

ஆயுத பூஜை முடிந்துதான் வேலை என்றார். அக்டோபர் 1 அன்று எங்கள் வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க, முதல் கியரில் நகர்த்தினேன். இரண்டு பழம் நசுங்கியது, இரண்டு உருண்டு ஓடியது. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்.

வேலைக்கு முன்னால் ஒரு வாக்குவாதம். "பிளேட் மட்டும் போட்டா எவ்வளவுண்ணா?" என்று கேட்டேன். "பிளேட் மட்டும் போட மாட்டேன், வேற ஷெட் பாத்துக்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். இதில் பெரிய வேலை கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். ஆயில் வடித்து, இரண்டு ஆக்ஸிலையும் உருவி, மவுன்டிங் கழற்றி, ஜாக்கியில் தாங்கி இறக்க வேண்டும். அரைநாள் போய்விடும். நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பழைய பேரிங்கைப் போட்டு, அது மூன்று மாதத்தில் கத்த ஆரம்பித்தால், அதே அரைநாளுக்கு அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். சரி என்றேன்.

சாமான் வாங்க ஜே.சி. ரோடுக்கு நானே போனேன். சேஸிஸ் நம்பரை எழுதிக்கொண்டு போகச் சொன்னார். நல்ல யோசனை. ஒரே பெயரில் வரும் வண்டிக்கே வருஷத்தைப் பொறுத்து பிளேட்டின் அளவு மாறலாம் என்று கடைக்காரரும் சொன்னார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் 4,900 ரூபாய். கேபிள் 550. பில்லோடு வாங்கினேன்.

இறக்கிய பிறகு போன் வந்தது, போய்ப் பார்த்தேன். பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். உராய்வுப் பொருள் ரிவெட் தலை மட்டத்துக்குத் தேய்ந்திருந்தது, ஒரு பக்கம் ரிவெட் பிரஷர் பிளேட்டில் கோடு இழுத்திருந்தது. விளிம்பில் பளபளப்பாக ஈரம். தொட்டு முகர்ந்தார். "என்ஜின் ஆயில். பின் பக்க ஆயில் சீல் கசியுது. பிளேட் மட்டும் கேட்டியே, புது பிளேட்டும் இதுல நனஞ்சிருக்கும்." நான் வாயைத் திறக்கவில்லை. சீல் 350 ரூபாய். ஃப்ளைவீலில் நீலநீலமாகச் சூட்டுத் திட்டுகள் இருந்தன. கலாசிபாளையத்தில் ஒரு லேத்தில் கொடுத்து மேற்பரப்பை லேசாகச் சீவிச் சமமாக்கி (ஃபேஸிங்) வந்தார்கள், 500. சில டீசல் வண்டிகளில் இரட்டைத் தகடாக வரும் ஃப்ளைவீலை இப்படிச் செய்ய முடியாது, புதுசு வாங்கினால் கிளட்ச் செட்டைவிட அதுதான் விலை என்றார். கியர் ஆயில் 900, கூலி 3,500. ஆகமொத்தம் 10,700.

வண்டி ஷெட்டில் இருந்த மூன்று நாளும் அலுவலகத்துக்கு மஞ்சள் மெட்ரோதான். ஆகஸ்டில் திறந்த பாதை. அப்போது ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் இருபது நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் சில்க் போர்டை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே கடப்பது ஒரு தனி சுகம். கீழே நிற்கும் ஒவ்வொரு காரிலும் ஒரு இடதுகால் பெடலில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி கைக்கு வந்த அன்று அல்சூரிலிருந்து வீடு போவதற்குள் நான்கு முறை என்ஜின் அணைந்தது. பெடல் பஞ்சு மாதிரி, பிடிக்கும் இடம் கீழே. என் கால் பழைய உயரத்திலேயே பழகிப்போயிருந்தது. இரண்டு நாளில் சரியாயிற்று. ஆனால் ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்ர்' என்று அரைத்தது. புது கியர்பாக்ஸ் கேட்பார்களோ என்ற பயத்தோடு திரும்பப் போனேன். இந்த முறை தலைகீழ் பிரச்சினை: ப்ளே அதிகம், பெடலை முழுக்க மிதித்தாலும் பிடி முழுசாக விடவில்லை. நிறைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தி அரைக்காமல் சேர்க்கும் பாகம்) கிடையாது, அதனால் அங்கேதான் முதலில் தெரியும். நட்டில் அரைச் சுற்று. காசு வாங்கவில்லை. என் இடதுகாலை மட்டும் பார்த்தார். "ஓட்டும்போது அந்தக் கால் எங்க இருக்கும்?"

உண்மையைச் சொன்னேன். பெடல் மேலேயே இருக்கும். சிக்னலில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி நிற்பேன், ஏற்றத்தில் பெடலைப் பாதி மிதித்து, ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடுவேன். முதல் ஓனரை இத்தனை நாள் திட்டியிருந்தேன், அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. இப்போது சிக்னலில் நியூட்ரல், ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக். முதல் 500 கிலோமீட்டர் விரட்டாதே, பிளேட் படியட்டும் என்றார், அதையும் கேட்டேன்.

தீபாவளிக்குச் சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் ஏற்றம் வந்தது. நான்கு பேர், டிக்கி நிறையப் பலகாரம். ரேடியோவை அணைத்தேன். நான்காவது கியரில் மிதித்தேன், டாக்கோமீட்டர் முள்ளும் வேக முள்ளும் ஒன்றாக ஏறின. பக்கத்தில் மனைவி கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினாள்.

"என்ன?" என்றேன்.

"முன்னாடி போற லாரிதான்" என்றாள்.

இந்த முறை லாரியேதான்.