வெளியிலிருந்து வரும் ஆய்வக விலங்குகளும் உடன் வருபவையும்

வேறோர் ஆய்வகம் உருவாக்கிய மரபணு மாற்றச் சுண்டெலி தமக்கு வேண்டும் என்று ஓர் ஆய்வாளர் கேட்கும்போது, அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு மரபணு மட்டுமே. விலங்குக்கூடத்தின் பொறுப்பில் இருப்பவர்களோ அந்த மரபணுவோடு சேர்ந்து வரக்கூடிய மற்ற எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்: குடலில் வாழும் பாக்டீரியாக்கள், மயிரடியில் தங்கியிருக்கும் நுண்ணிய பூச்சிகள், எந்த அறிகுறியும் காட்டாத வைரஸ்கள். பல ஆண்டுகளாக இந்த இரண்டாம் தரப்பில் இருந்துகொண்டுதான் இத்தகைய கோரிக்கைகளைப் பார்த்து வருகிறேன். சான்றிதழ், அனுமதி என்று சொல்லி ஆராய்ச்சியைத் தாமதப்படுத்துகிறோம் என்பது எங்களைப் பற்றிய வழக்கமான குறை. தாமதம் நேர்வது உண்மைதான். அந்தத் தாமதத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

அனுப்பும் நிறுவனத்திடம் நாங்கள் முதலில் கேட்பது நலஅறிக்கையை. இதைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. எல்லா வரியிலும் 'இல்லை' என்று இருந்தால் விலங்கு சுத்தமானது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த வரி சொல்வது, சோதிக்கப்பட்ட சில விலங்குகளில், சோதிக்கப்பட்ட அந்த நாளில், பயன்படுத்தப்பட்ட அந்த முறையில் எதுவும் அகப்படவில்லை என்பது மட்டுமே. கணக்கைப் பாருங்கள்: ஓர் அறையில் உள்ள சுண்டெலிகளில் 30 விழுக்காட்டுக்குத் தொற்று இருந்து, அவற்றிலிருந்து 10 சுண்டெலிகளை எடுத்துப் பிழையற்ற சோதனையைச் செய்தால், குறைந்தது ஒன்றாவது அகப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 97 விழுக்காடு. தொற்று 5 விழுக்காட்டுக்கு மட்டுமே இருந்தால், அதே 10 சுண்டெலிகளில் ஒன்றாவது அகப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடாக இறங்கிவிடும். ஆகவே எத்தனை விலங்குகள், எப்போது, எந்த முறையில் சோதிக்கப்பட்டன, அவை நமக்கு வரவிருக்கும் விலங்குகள் வளரும் அதே அறையைச் சேர்ந்தவையா என்ற கேள்விகளுக்கு விடை தராத அறிக்கையை நான் அறிக்கையாகவே கருதுவதில்லை. கடைசிக் கேள்வி மிகவும் முக்கியமானது. பெரிய நிறுவனம் ஒன்றில் ஓர் அறை தூய்மையாகவும் அடுத்த அறை குடற்புழுவோடும் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

சோதனை முறையிலும் நுட்பம் இருக்கிறது. பல கூடங்கள் வளர்ப்பு விலங்குகளை நேரடியாகச் சோதிப்பதில்லை. அவற்றின் கூண்டிலிருந்து எடுத்த அழுக்குப் படுக்கைத் தூளைச் சில 'காவல்' சுண்டெலிகளின் கூண்டில் இட்டு, பின்னர் அந்தக் காவல் சுண்டெலிகளின் இரத்தத்தைச் சோதிக்கின்றன. மலத்தின் வழியே பரவும் சுண்டெலி ஹெபடைட்டிஸ் வைரஸ் இவ்வழியில் நன்றாகவே அகப்படும். சுவாசத்தின் வழியே பரவும் செண்டாய் வைரஸும், மயிரில் வாழும் சிற்றுண்ணிகளும் எளிதில் தப்பிவிடும். நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள சுண்டெலி வழிகளில் (அதாவது தனி மரபுத் தொடராக வளர்க்கப்படும் வகைகளில்), கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனைக்கே பொருளில்லை, ஏனெனில் அவற்றின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்குவதில்லை. அங்கே நோய்க்கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனைதான் கைகொடுக்கும்.

அறிகுறியே காட்டாத ஒரு கிருமிக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது ஹெலிகோபாக்டர் ஹெபாட்டிகஸின் கதை. 1990களின் தொடக்கத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பிரெடரிக் வளாகத்தோடு தொடர்புடைய நீண்டகால நச்சியல் ஆய்வு ஒன்றில், எந்த வேதிப்பொருளும் கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழுச் சுண்டெலிகளின் கல்லீரலில் அழற்சியும் கட்டிகளும் காணப்பட்டன. காரணம் அதுவரை யாரும் விவரித்திராத ஒரு பாக்டீரியா என்பது தெரியவந்து, 1994இல் அதற்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. புற்றுநோயை உண்டாக்குமா என்று ஒரு பொருளைச் சோதிக்கும் ஆய்வில், சோதிக்காத குழுவுக்கே கட்டி வந்தால் அந்த ஆய்வை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வந்த விலங்கு நலமாகத் தெரிகிறது என்ற சொல்லை நான் நம்பாததற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

நோய் விலங்கின் வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. எலியம்மை எனப்படும் எக்ட்ரோமீலியா, சுண்டெலிக் கூட்டங்களை அழித்துவிடக்கூடிய அம்மை வகை. 1995இலும் 1999இலும் அமெரிக்காவின் இரு ஆய்வு நிறுவனங்களில் அது தலைகாட்டியபோது, நுழைவாயிலாக அமைந்தது கடையில் வாங்கிய சுண்டெலி இரத்தத் தெளிநீர். புதிய விலங்கு எதன் வழியாகவும் இல்லாமல், செல் வளர்ப்புக்காக வாங்கிய ஒரு சிறு குப்பியில் வைரஸ் வந்து சேர்ந்துவிட்டது. இதனாலேயே சுண்டெலியின் உடலில் செலுத்தப்படவிருக்கும் செல் வழி (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்), புற்றுக்கட்டித் துண்டு, தெளிநீர் ஆகியவற்றையும் வெளியிலிருந்து வரும் விலங்குக்கு நிகராகவே நடத்த வேண்டும் என்பது என் கருத்து. ஆய்வாளர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் எங்கள் வேலையிலேயே கடினமானது. பெட்டிக்குள் அசையும் உயிரைக் கண்டால் எச்சரிக்கை கொள்பவர்கள், பனிக்கட்டியில் வரும் குப்பியைத் தங்கள் குளிர்பெட்டியில் நேராக வைத்துவிடுகிறார்கள்.

தனிமைப்படுத்தும் காலத்தைப் பற்றி. கொறிவிலங்குகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை பல கூடங்களில் வழக்கம். வந்த அன்றே இரத்தத்தைச் சோதித்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். பயணத்துக்குச் சில நாள் முன்பு தொற்றிய கிருமிக்கு எதிர்ப்பொருள் உருவாகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். மேலும், எந்தக் கிருமி அகப்படுகிறது என்பதைப் பொறுத்து அடுத்த முடிவு மாறும். சுண்டெலி ஹெபடைட்டிஸ் வைரஸை நல்ல எதிர்ப்பாற்றலுள்ள சுண்டெலி சில வாரங்களில் உடலிலிருந்து நீக்கிவிடும் என்பதால், இனப்பெருக்கத்தை நிறுத்திப் புதுச் சுண்டெலி சேர்க்காமல் காத்திருந்தே அதை வெளியேற்றிய கூடங்கள் உண்டு. பார்வோவைரஸ் அப்படிப்பட்டதன்று, சுற்றுப்புறத்தில் நெடுநாள் தாங்கி நிற்கும், சாதாரணக் கிருமிநாசினிகளுக்கும் எளிதில் மசியாது. குடற்புழுவுக்கு மருந்து கலந்த தீவனம் உண்டு என்றாலும், அதன் முட்டைகள் தூசியோடு பறந்து மூலை முடுக்கெல்லாம் தங்கிவிடும்.

குரங்குகளின் விஷயத்தில் பணயம் மனித உயிர். 1932இல் இளம்பிள்ளை வாத ஆய்வில் ஈடுபட்டிருந்த ஒரு மருத்துவரை ரீசஸ் குரங்கு கடித்தது. அவர் சில நாள்களில் இறந்தார். அவரது உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே பி வைரஸ். மக்காக் குரங்குகளுக்கு வாய்ப்புண் அளவிலேயே நின்றுவிடும் அந்த வைரஸ், மனிதரில் மருத்துவம் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். 1967இல் உகாண்டாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளின் வழியாக மார்பர்க், பிராங்க்பர்ட், பெல்கிரேட் ஆகிய நகரங்களில், பின்னர் மார்பர்க் என்றே பெயர்பெற்ற வைரஸால் 31 பேர் நோயுற்று 7 பேர் இறந்தனர். அந்தக் குரங்குகள் எடுத்துவரப்பட்டது நோயைப் பற்றி ஆராய்வதற்காகவே அன்று. அவற்றின் சிறுநீரகச் செல்கள் தடுப்பூசித் தயாரிப்புக்குத் தேவைப்பட்டன. 1989இல் பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவின் ரெஸ்டன் நகருக்கு வந்த குரங்குகளில் எபோலாவின் உறவான வைரஸ் ஒன்று காணப்பட்டது. அது மனிதரை நோயுறச் செய்யவில்லை என்பதை நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் குரங்குகளை 31 நாளாவது தனிமையில் வைக்க வேண்டும் என்று இன்று அமெரிக்க விதி சொல்கிறது.

குரங்கு வணிகம் ஒரே நாட்டையோ ஒரே வழியையோ நம்பியிருக்கும்போது எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ரீசஸ் குரங்குகளின் ஏற்றுமதியை இந்தியா 1978இல் தடைசெய்தது. 2020இல் சீனா ஆய்வுக் குரங்குகளை அனுப்புவதை நிறுத்தியது. நீள்வால் மக்காக்கை 2022இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வகைப்படுத்தியது. பண்ணையில் பிறந்தது என்ற சான்றோடு வரும் குரங்கு, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம் என்ற ஐயம் இந்த வணிகத்தை விட்டு அகன்றதில்லை.

பயணத்தைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வெளியிடும் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகள் பெட்டியின் அளவு, காற்றோட்டம் முதலியவற்றை வரையறுக்கின்றன. காற்றை வடிகட்டும் பெட்டி, தண்ணீர்ப் புட்டிக்குப் பதிலாக நீர்ச்சத்துள்ள ஜெல் ஆகியவை இன்று வழக்கமாகிவிட்டன. வந்திறங்கும் சுண்டெலி எடை இழந்திருக்கும், அதன் இரத்தத்தில் அழுத்த ஹார்மோன் உயர்ந்திருக்கும். சில நாள் ஓய்வு கொடுக்காமல் எடுக்கும் அளவீடுகள் பயணத்தை அளந்தவையே.

நோய்க்கிருமியைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது பெயரின் ஏமாற்று. ஆய்வுலகில் மிகுதியாகப் பயன்படும் 'பிளாக் 6' சுண்டெலி வழியையே எடுத்துக்கொள்வோம். 1951இல், ஆய்வுச் சுண்டெலிகளை வளர்த்து வழங்கும் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்குச் சென்ற சுண்டெலிகளின் வழித்தோன்றல்கள் 'என்' துணைவழியாகவும், ஜாக்சனிலேயே தங்கியவை 'ஜே' துணைவழியாகவும் பிரிந்தன. ஜே துணைவழியில் மைட்டோகாண்ட்ரியாவில் செயல்படும் என்என்டி மரபணு சிதைந்திருக்கிறது. குளுக்கோஸைக் கையாளும் திறன் அதனோடு தொடர்புடையது. 'என்' துணைவழியிலோ விழித்திரையைக் கெடுக்கும் ஒரு பிறழ்வு இருக்கிறது. மரபணு நீக்கிய சுண்டெலியை 'என்' துணைவழியில் வாங்கி, ஒப்பீட்டுச் சுண்டெலியை 'ஜே' துணைவழியில் வாங்கும் நீரிழிவு ஆய்வாளர், எதை எதோடு ஒப்பிடுகிறார்? இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு 2001இல் வெளிவந்தது: ஒரு விற்பனையாளரின் பிளாக் 6 துணைவழியில், பார்க்கின்சன் நோயோடு நெருங்கிய தொடர்புடைய ஆல்ஃபா சைனுக்ளீன் மரபணு முழுதாகவே காணாமல்போயிருந்தது. இயல்பான சுண்டெலி என்று நம்பி நரம்பியல் ஆய்வில் அதைப் பயன்படுத்திவிடக்கூடும்.

மரபணு ஒத்திருந்தாலும் குடல் வேறாக இருக்கலாம். 2009இல் நியூயார்க் ஆய்வுக்குழு ஒன்று வெளியிட்ட முடிவு இதில் பெரும் திருப்பம். டாகோனிக் என்ற விற்பனை நிறுவனத்திலிருந்து வாங்கிய சுண்டெலிகளின் குடலில் டிஎச்17 வகை நோயெதிர்ப்புச் செல்கள் நிறைய இருந்தன. ஜாக்சனிலிருந்து வாங்கியவற்றில் மிகக் குறைவு. வேறுபாட்டுக்குக் காரணம், முந்தையவற்றின் குடலில் ஒட்டி வாழும் இழைவடிவப் பாக்டீரியா ஒன்று. அது எந்த நலஅறிக்கையிலும் குற்றமாகக் குறிக்கப்படும் கிருமியன்று. விற்பனையாளரை மாற்றுவது சோதனையையே மாற்றுவதாக அமையக்கூடும் என்பதை நிதிப்பிரிவில் இருப்பவர்களுக்கு விளக்க நான் இந்த ஆய்வைத்தான் துணைக்கு அழைக்கிறேன். மலிவான ஒப்பந்தம் கிடைத்ததற்காக ஆய்வின் நடுவில் விற்பனையாளரை மாற்றும் பழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

இத்தனை இடர்களுக்கும் என் விருப்பமான வழி, உயிருள்ள விலங்கை வரவழைக்காமலேயே இருப்பது. சுண்டெலிக் கருவை உறையவைத்து, உருக்கி, உயிருள்ள குட்டியாக்க முடியும் என்று 1972இல் விட்டிங்ஹாம், லீபோ, மேசர் ஆகியோர் காட்டினர். இன்று கருவையோ விந்தணுவையோ திரவ நைட்ரஜன் ஆவியில் குளிர்ந்திருக்கும் கலனில் அனுப்பலாம். வந்த கருக்களைப் பத்து முறை கழுவி, நோயற்ற வளர்ப்புத் தாயின் கருப்பையில் வைத்தால், பிறக்கும் குட்டிகள் பெற்ற தாயின் கிருமிகளைப் பெரும்பாலும் கொண்டுவருவதில்லை. பார்வோவைரஸ் கருவின் மேலுறையில் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் வளர்ப்புத் தாயையும் பின்னர் சோதித்தாக வேண்டும். வரிக்குதிரை மீன்களிலும் இதே போக்குதான்: கிருமிநீக்கம் செய்த முட்டைகளை மட்டும் உள்ளே விடுகிறார்கள், ஆனால் அவற்றின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி முட்டைக்குள்ளேயே சென்றுவிடக்கூடியது.

இந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது. குட்டி தன் குடல் நுண்ணுயிர்களை வளர்ப்புத் தாயிடமிருந்தே பெறுகிறது. அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின் 10 என்ற புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சி வரும் என்பது அறிந்த செய்தி. நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்தால் அவற்றுக்கு அது வருவதில்லை. எனவே அழற்சி, எடை, நோயெதிர்ப்பு தொடர்பான வழியைக் கருவாக வரவழைக்கும் ஆய்வாளரிடம், அனுப்பிய ஆய்வகத்தில் கண்ட பண்பு இங்கே குறைந்தோ மறைந்தோ போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கருவோடு சேர்த்து மூல விலங்குகளின் மலத்தையும் உறையவைத்து அனுப்பச் சொல்லலாம். அந்த மலத்தில் வேண்டாத கிருமி இல்லை என்று காட்டும் வேலை மறுபடியும் எங்கள் தலையில் விழும் என்றாலும், எதனால் பண்பு மாறியது என்று தேடுவதற்காவது அது பயன்படும்.

ஆய்வுக் கட்டுரையில் விலங்கின் மூலத்தையும் நலநிலையையும் குறிப்பிட வேண்டும் என்று விலங்காய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2020இல் திருத்தி வெளியிடப்பட்ட அரைவ் வழிகாட்டுதல் கேட்கிறது. பல கட்டுரைகளில் இன்னும் 'பிளாக் 6 சுண்டெலிகள் வாங்கப்பட்டன' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. துணைவழியின் முழுக் குறியீடு, விற்பனையாளர், வளர்ப்பு அறை, வந்து சேர்ந்த நாள், சோதனைக்கு முன் கொடுத்த ஓய்வு ஆகியவற்றை ஒவ்வொரு வரவுக்கும் ஒரு தாளில் எழுதி, ஆய்வாளரின் குறிப்பேட்டில் ஒட்டச் சொல்கிறேன். ஆய்வு முடிந்து கட்டுரை எழுதும்போது அந்த விவரங்களைக் கேட்டு எங்களுக்கு வரும் அழைப்புகள், அதன்பின் குறைந்திருக்கின்றன.